சட்டை வளர்ந்த கதை

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் சமயமும் இசையும் பற்றி அறிஞர் பலர் பேசக் கேட்டு மகிழ்ந்து வந்திருக்கிறோம். இம்முறை, பிள்ளைகளுக்கும் விளங்கும்படியாக எளிய பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். எளிய பொருள் எது என்று பல நாள் எண்ணிப் பார்த்தும் அகப்படவில்லை. ஒரு நாள் காலையில் வெளியே புறப்படுங்கால், இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையை எடுத்தபோது, தேடிய பொருள் கையிலேயே இருக்கக் கண்டோம். நாள்தோறும் நம் உடலோடு ஒட்டியிருக்கும் இச்சட்டை எங்கிருந்து வந்தது? காலரும் கையும் பித்தானும் பையும் அதற்கு எவ்வாறு வாய்த்தன? அதனை அணிந்தவர் யார், அணிய விடாமல் தடுக்கப்பட்டவர் யார்? இவற்றைக் குறித்துச் சிறிது நேரம் உங்களோடு பேச விரும்புகிறோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சட்டை என்பது நாம் அணியும் உடுப்பு. பாம்பு உரித்துவிட்டுப் போவதும் சட்டையே. ஒருவரை மதித்து நடப்பதைச் 'சட்டை செய்தல்' என்று கூறுகிறோம். பிறர் சொல்லை மதியாதவனை 'யாரையும் சட்டை பண்ணாதவன்' என்கிறோம். உடுப்பாகிய சட்டையும் மதிப்பாகிய சட்டையும் ஒரே வேரில் பிறந்தவையா, அல்லவா என்பதை மொழிநூலார் முடிவு செய்யட்டும். ஆயினும் உடைக்கும் மதிப்புக்கும் நம் மொழியில் ஒரே சொல் அமைந்திருப்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உரையின் முடிவில் அங்கே மீண்டும் வருவோம்.

பழந்தமிழர் தைத்த உடையை அறியாதவர் அல்லர். ஆனால் அதனை யார் அணிந்தார்கள் என்பது கருதத்தக்கது. முல்லைப்பாட்டில் பாசறையைக் காத்து நிற்கும் யவனர் உடலில் 'மெய்ப்பை' காணப்படுகிறது. மெய்யை இட்டு வைக்கும் பை என்பது எத்துணை அழகிய பெயர்! சிலப்பதிகாரத்தில் அரசரின் ஏவலர் கஞ்சுகம் பூண்டு வருகின்றனர். குப்பாயம் என்ற சொல்லும் பழைய நூல்களில் உண்டு. எனினும் அயலாரும் காவலரும் ஏவலரும் தைத்த உடையில் வர, நாட்டு மக்கள் பெரும்பாலும் அரையில் ஓர் ஆடையும் தோளில் ஓர் ஆடையுமாகவே வாழ்ந்தனர். வெயில் மிகுந்த நாட்டுக்கு அதுவே ஏற்றதாகவும் இருந்தது. திருமணத்திலும் திருக்கோயிலிலும் இன்றளவும் அம்முறை நின்று நிலவுகிறது. சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் ஆடவர் திருச்செந்தூர்ச் சந்நிதிக்குள் செல்கின்றனர்.

உலகில் மிகப் பழைய தைத்த மேலாடைகளுள் ஒன்று எகிப்து நாட்டில் கிடைத்தது. 1913-இல் பிளிண்டர்ஸ் பீட்ரி என்ற அகழ்வாய்வாளர் தார்க்கான் என்னுமிடத்துக் கல்லறைகளிலிருந்து அழுக்கடைந்த துணிக்குவியல் ஒன்றை எடுத்து அனுப்பினார். அறுபத்து நான்கு ஆண்டுகள் அதனை ஒருவரும் சட்டை செய்யவில்லை. 1977-இல் துப்புரவு செய்வதற்காகப் பிரித்துப் பார்த்தபோது, கையும் கழுத்தும் மடிப்புகளும் அமைந்த நாரிழைச் சட்டை ஒன்று அதனுள் இருந்தது. முழங்கை மடங்கும் இடத்திலும் அக்குளிலும் சுருக்கங்கள் காணப்பட்டமையால், உயிரோடிருந்த ஒருவர் அதனை அணிந்து நடமாடியது தெளிவாயிற்று. கரிமக் கணிப்பின்படி அதன் வயது ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. இப்போது அது இலண்டனில் உள்ள பீட்ரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆயினும் நாம் இன்று அணியும் சட்டையின் நேர் முன்னோர் ஐரோப்பியச் சட்டையே. அங்கே அது நெடுங்காலம் உள்ளாடையாகவே இருந்து வந்தது. துணியைச் சதுரமும் நீள்சதுரமுமாக வெட்டி, ஒரு துண்டும் வீணாகாமல் மூட்டித் தலை வழியே மாட்டிக்கொள்வார்கள். முழங்கால் வரை தொங்கும் அதன் முன்பின் பகுதிகளே கீழுள்ளாடையாகவும் பயன்பட்டன. இன்றைய சட்டையின் அடிப்பகுதி வளைந்து தொங்குகிறதே, அது அப்பழைய நீளத்தின் எச்சம். மேலே கோட்டு இல்லாமல் சட்டையோடு மட்டும் அயலார்முன் வருவது ஆடையின்றி வருவதற்கு ஒப்பாகக் கருதப்பட்டது. ஆகவே சட்டையில் வெளியே தெரிந்தவை கழுத்தும் மணிக்கட்டுமே. அவ்விரண்டு இடங்களில்தான் செல்வர் தம் பெருமையையெல்லாம் காட்டினர். 16-ஆம் நூற்றாண்டில் கழுத்துச் சுருக்கம் பெருகிப் பெருகி, வண்டிச் சக்கரம் போன்ற வட்டமாக விரிந்து நின்றது. அதனை நிமிர்ந்து நிற்கச் செய்தது கஞ்சி. அத்தகைய சக்கரத்தைக் கழுத்தில் கட்டியவன் குனிந்து வேலை செய்ய இயலாது. அவன் வேலை செய்ய வேண்டியவன் அல்லன் என்பதை ஊருக்கு அறிவிப்பதே அதன் நோக்கம்.

சட்டை நம் நாட்டுக்கு வந்தபோது, அதன் கருவிகளும் பெயர்களும் உடன் வந்தன. பித்தான், இஸ்திரி ஆகிய சொற்கள் போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்தவை. ஜிப்பா அரபு மொழியிலிருந்து வந்தது. பனியன் என்பதோ நம் குசராத்தி வணிகரின் குலப்பெயர். அது மேனாட்டார் வாயில் புகுந்து ஆடைப் பெயராகித் திரும்பி வந்தது. நம்மிடமிருந்து சென்றவையும் உண்டு. கள்ளிக்கோட்டைத் துணி 'காலிகோ' ஆயிற்று. இதே மும்பையில் உள்ள டோங்ரிப் பகுதியின் முரட்டுத் துணி 'டங்கரி' என்ற பெயரோடு உலகத் தொழிலாளரின் உடலில் ஏறிற்று.

இனிக் காலரின் கதை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த டிராய் நகரில் ஹன்னா மாண்டேகு என்ற அம்மையார் வாழ்ந்தார். கணவருடைய சட்டையில் கழுத்து மட்டுமே அழுக்காகிறது. அதற்காக முழுச்சட்டையையும் நாள்தோறும் துவைக்க வேண்டியிருக்கிறதே என்று சலிப்புற்று, 1827-ஆம் ஆண்டில் ஒரு நாள் காலரைக் கத்தரித்தெடுத்துத் தனியே துவைத்து மீண்டும் தைத்தார். கழற்றி மாட்டும் காலர் அவ்வாறு பிறந்தது. பின்னர் அந்நகரமே காலர் நகரம் என்று பெயர் பெற்று, ஆயிரக்கணக்கான பெண்கள் அங்குள்ள வெளுப்புச் சாலைகளில் கொதிநீருக்கும் கஞ்சிக்கும் காய்ந்த இரும்புக்கும் நடுவே உழைத்தனர். 1864-இல் கேட் முல்லானி என்ற இளம்பெண் அவர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்து, வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார். ஓர் இல்லத்தரசியின் களைப்பு ஒரு தொழிலைத் தோற்றுவித்தது. அத்தொழிலின் களைப்பு ஒரு தொழிற்சங்கத்தைத் தோற்றுவித்தது. சட்டையின் கதையில் துவைக்கும் கைகளுக்கும் இடம் உண்டு என்பதை ஆடவராகிய நாம் மறவாதிருப்போமாக.

1851-இல் ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். மேலிருந்து கீழ் வரை முழுவதும் பித்தான் வைத்துத் திறக்கும் சட்டையை 1871-இல் இலண்டன் நிறுவனம் ஒன்று பதிவு செய்தது. அதற்கு முன் எல்லாரும் தலை வழியே நுழைந்தவர்கள்தாம். 1896-இல் காலரின் நுனியைப் பித்தானால் பிணைக்கும் முறை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. குதிரைமீதேறிப் போலோ ஆடுவோரின் காலர் காற்றில் பறந்து முகத்தில் அடிக்காதிருக்கச் செய்த ஏற்பாட்டைக் கண்டு வந்தவர்கள் அதனைக் கடைக்குக் கொண்டு வந்தனர். முதல் உலகப் போரில் மென்மையான காலருக்குப் பழகிய போர்வீரர்கள் ஊர் திரும்பியபின், அட்டை போன்ற கஞ்சிக் காலரைக் கட்டிக்கொள்ள விரும்பவில்லை. காலர் மீண்டும் சட்டையோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே அணியும் கோட்டு வழக்கொழிய, பேனாவும் கண்ணாடியும் வைப்பதற்கு மார்பில் பை முளைத்தது. துவைத்தாலும் சுருங்காதபடி துணியைப் பதப்படுத்தும் முறையைச் சான்போர்டு கிளூட் என்பார் கண்டார். அவர் பெயராலேயே அது வழங்கலாயிற்று.

இவ்வாறு மேனாட்டில் வளர்ந்த சட்டை நம் நாட்டில் என்ன செய்தது என்பதைக் காண்போம். அண்ணல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராய் இருந்தபோது, சலவைக் கூலி மிகுகிறது என்று கருதித் தம் காலரைத் தாமே துவைத்துக் கஞ்சி போட்டார். கஞ்சி அளவு மிகுந்தது. இரும்பின் சூடோ போதவில்லை. அக்காலரோடு நீதிமன்றம் சென்றபோது கஞ்சி உதிர்ந்துகொண்டேயிருக்க, உடனிருந்த வழக்கறிஞர்கள் நகைத்தனர் என்று தம் வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். அத்தகையவர் பின்னாளில் சட்டையையே துறந்தார். 1921 சூலை 31-ஆம் நாள் இந்நகரில் பரேல் பகுதியில் அயல்நாட்டுத் துணிகளைக் குவித்துத் தீ மூட்டினார். அடுத்து, செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையில், குல்லாயையும் மேற்சட்டையையும் விடுத்து முழங்கால் அளவு வேட்டியோடு மக்கள்முன் தோன்றினார். கதர் வாங்கவும் வகையற்ற ஏழையரின் உடை எதுவோ அதுவே தம் உடை என்று கொண்டார்.

காந்தியடிகள் சட்டையைத் துறந்தது பெருமைக்குரியது. ஆனால் துறப்பதற்கு முதலில் உரிமை வேண்டும் அல்லவா? அவ்வுரிமையே மறுக்கப்பட்டவர்கள் நம் நாட்டில் இருந்தனர் என்பதைக் கூசாமல் சொல்லியாக வேண்டும். 1930 டிசம்பர் 12-ஆம் நாள், இந்நகரில் அயல்நாட்டுத் துணி ஏற்றி வந்த லாரியை மறித்து நின்ற பாபு கேனு என்ற ஆலைத் தொழிலாளி சக்கரத்தில் அகப்பட்டு உயிர் நீத்தார். நாம் உடுக்கும் துணி நம் துணியாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் மாண்டார். அதே டிசம்பர் மாதத்தில், நம் தமிழகத்தில் இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஆதிதிராவிட மக்கள்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் உடுத்தலாகாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் அணியலாகாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கலாகாது என்பன அவற்றுள் சில. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன என்று ஹட்டன் என்ற ஆங்கில அறிஞர் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். மறு ஆண்டில் எட்டுத் தடைகள் பதினொன்றாயின.

ஒரே மாதத்தில் நிகழ்ந்த இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இதே பம்பாயில் வாழ்ந்த அண்ணல் அம்பேத்கர் ஏன் மடிப்புக் கலையாத சட்டையும் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்தே எங்கும் தோன்றினார் என்பது அப்போது விளங்கும். ஒருவர் கழற்றியதும் ஒருவர் அணிந்ததும் ஒன்றற்கொன்று முரணாகத் தோன்றலாம். இருவரும் ஏழையின் உடலைக் கருதியே அவ்வாறு செய்தனர் என்பது எமது எண்ணம்.

இனி எம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல அவையோர் இசைவு தருதல் வேண்டும். 1967-ஆம் ஆண்டில் மாட்டுங்காவில் ஓர் அறையில் நால்வர் தங்கியிருந்தோம். நால்வரும் வேலை தேடி வந்தவர்கள். ஊரிலிருந்து கொண்டு வந்த சட்டைகள் நேர்முகத் தேர்வுக்கு உதவா. நல்ல வெள்ளைப் பாப்ளின் துணியில் முழுக்கைச் சட்டை ஆளுக்கு ஒன்று தைக்கப் பணமும் இல்லை. நால்வரும் காசு சேர்த்து ஒரே சட்டைக்குத் துணி வாங்கிக்கொண்டு, தாராவியில் இருந்த தையற்கடைக்குச் சென்றோம். தையற்காரர் இராமநாதபுரம் மாவட்டத்தவர். எம்மினும் ஓர் இருபது ஆண்டு மூத்தவர். அவரை அண்ணன் என்றே அழைப்போம். "யாருக்கு அளவு எடுக்க?" என்று நாடாவைக் கையில் எடுத்தார். "நால்வருக்கும் சேர்த்து ஒன்று, அண்ணா" என்றோம்.

அவர் நகைக்கவில்லை. நால்வரையும் வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவரின் தோளையும் கழுத்தையும் கையையும் அளந்தார். பெரியவனுக்கு ஏற்பத் தைத்தால் சிறியவன் உள்ளே மடித்துக்கொள்ளலாம் என்று உடலை அகலமாக வெட்டினார். காலருக்கு மட்டும் அவ்வாறு செய்ய இயலாதே! ஒருவன் கழுத்து ஒல்லி, ஒருவன் கழுத்து பருமன். அதற்காகக் காலரில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு பித்தான்கள் தைத்தார். காஜா ஒன்று, பித்தான் இரண்டு. எக்கழுத்துக்கும் அக்காலர் பொருந்திற்று. தையற்கூலியை, முதலில் வேலை கிடைப்பவர் முதற்சம்பளத்தில் தந்தால் போதும் என்றார்.

அச்சட்டைக்கு அறையில் ஒரு சட்டமும் வகுத்தோம். தேர்வுக்குச் செல்பவனே அணிய வேண்டும். அன்றிரவே துவைத்து, கஞ்சி போட்டு, காலையில் இஸ்திரி செய்து, சுவரில் மாட்டிவிட வேண்டும். புறநகர் வண்டியின் நெரிசலில் கசங்காதிருக்க, கூட்டம் குறையும் வரை வண்டியை விட்டுவிட்டுக் காத்து நின்ற நாட்கள் உண்டு. எட்டு மாதங்களில் நால்வருக்கும் வேலை கிடைத்தது. கடைசியாகக் கிடைத்தது எமக்கு. அதற்குள் காலர் நைந்துவிட்டது. அண்ணனே அதைப் பிரித்துத் திருப்பித் தைத்துத் தந்தார். நைந்த பக்கம் உள்ளே போய்விடும். நல்ல பக்கம் வெளியே வரும். இங்குள்ள தாய்மார்கள் பலருக்கு அக்கலை தெரிந்திருக்கும். காலர் திருப்பப்பட்ட சட்டைகளை அணிந்துதான் இந்நகரில் ஒரு தலைமுறை அலுவலகம் சென்றது.

கூலியோடு அவரைக் காணச் சென்ற மாலையில், "முன்பின் அறியாத எங்களுக்கு ஏன் இத்துணை உதவினீர்கள்?" என்று கேட்டோம். அவர் இயந்திரத்தை நிறுத்தாமலே விடை சொன்னார். அவர் எட்டு வயதுச் சிறுவனாய் இருந்தபோதுதான் அவ்வூரில் அத்தடைகள் வந்தனவாம். அவருடைய தந்தையார் இடுப்புத் துணியோடே வாழ்ந்தவர். மகன் இங்கு வந்து தொழில் கற்றுக் கடை வைத்தபின், தந்தையாரை ஒரு முறை அழைத்து வந்து, அளவெடுத்து, வெள்ளைச் சட்டை ஒன்று தைத்து அணிவித்தார். பெரியவர் ஒரு மாதம் தாராவித் தெருக்களில் அச்சட்டையோடு நடமாடினார். ஊருக்குத் திரும்பும்போதும் அதை அணிந்தே வண்டி ஏறினார். "மானாமதுரை வருவதற்கு முன்பே கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், தம்பி. தடை போய் எத்தனையோ ஆண்டாயிற்று என்று சொல்லியும் கேட்கவில்லை" என்று மட்டும் கூறிவிட்டு, இயந்திரத்தின் சக்கரத்தைத் திருப்பினார் அண்ணன். நால்வருக்கும் பொருந்தும் காலர் ஏன் அவருக்கு ஒரு விளையாட்டாகத் தோன்றவில்லை என்பது அன்று எமக்கு விளங்கிற்று.

சட்டை அரசியலும் பேசிற்று. இத்தாலியை ஒன்றுபடுத்தப் போராடிய கரிபால்டியின் படையினர் செஞ்சட்டையர். எல்லைப்புறத்தில் கான் அப்துல் கபார் கான் 1929-இல் அமைத்த தொண்டர் படையும் செங்கல் நிறச் சட்டை பூண்டது. வெள்ளை விரைவில் அழுக்காவதே அதற்குக் காரணம். 1945-இல் தந்தை பெரியார் கருஞ்சட்டைப் படை அமைத்தார். இத்தாலியில் முசோலினியும் செருமனியில் இட்லரும் சட்டையின் நிறத்தால் மக்களை அச்சுறுத்தியதையும் வரலாறு மறக்கவில்லை. ஆகவே நிறத்தில் ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் நெஞ்சைப் பொறுத்ததே எல்லாம். வெண்கதரில் தளர்ந்த சட்டையோடு உலாவிய காமராசர் முதலமைச்சராய் இருந்த காலத்தில் பள்ளிகளில் சீருடை பரவிற்று. செல்வர் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே சட்டையில் ஒரே பலகையில் அமர்ந்தனர்.

விடுதலைக்குப் பின் வந்த பாணிகளை இங்குள்ள மூத்தோர் கண்ணாரக் கண்டவர்கள். போர்க்காலம் தந்த புஷ் கோட்டும், கால்சட்டைக்கு வெளியே தொங்கவிடும் சிலாக்கும் முதலில் வந்தன. பிறகு வந்தது டெரிலின். இங்கிலாந்தில் வின்பீல்டு, டிக்சன் என்ற இருவர் 1941-இல் கண்டுபிடித்த அவ்விழை, 1960-களில் நம் இளைஞரின் கனவாயிற்று. துவைத்து உதறினால் போதும். கஞ்சியும் வேண்டா, இஸ்திரியும் வேண்டா. பம்பாயின் புழுக்கத்தில் அது உடலோடு ஒட்டிக்கொண்டு படுத்திய பாட்டை யாரும் வெளியே சொல்லவில்லை. வாங்கிய விலை அப்படி! பிறகு பருத்தியும் கலந்து டெரிகாட்டன் வந்தபின் சிறிது மூச்சு விட முடிந்தது. 1970-களில் காலர் யானைக் காதுபோல் விரிந்து தோள் வரை படர்ந்தது. அக்காலத்து மணமகன் படங்களை வைத்திருப்போர் பேரப்பிள்ளைகளிடம் காட்டலாம், நல்ல பொழுதுபோக்கு.

அந்நாட்களின் மற்றொரு நினைவையும் மறைத்தற்கில்லை. 1960-களின் பிற்பகுதியில் தென்னாட்டாருக்கு எதிராக இந்நகரில் எழுந்த கிளர்ச்சியின்போது நம் லுங்கியே ஏளனப் பொருளாயிற்று. நம்முள் பலர் கால்சட்டையும் சட்டையுமாக மாறியது விருப்பத்தால் மட்டும் அன்று. தெருவில் தனித்துத் தெரியாதிருத்தற்காகவும்தான். மறுபுறம், நம் சொந்தத் தமிழகத்திலேயே மன்றம் ஒன்று வேட்டி அணிந்து வந்த நீதிபதியை உள்ளே விட மறுத்தது. அதன் பின்னர் அத்தகைய தடைகளை நீக்க 2014-இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. உடையைக் கொண்டு மனிதரைத் தடுக்கும் வழக்கம் பல வடிவங்களில் தலை காட்டுகிறது.

நம் மண்ணின் துணி உலகை வென்ற கதையையும் கூறாமல் முடித்தல் தகாது. சென்னையில் நெசவாளருக்காக 1734-இல் அமைந்த சின்னத்தறிப்பேட்டைதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. சென்னைப் பகுதியின் கைத்தறிக் கட்டம்போட்ட துணி 'மதராஸ்' என்ற பெயரோடே ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. 1958-இல் அமெரிக்க வணிகர் ஒருவர் கண்ணூர் கிருஷ்ணன் நாயரிடமிருந்து அத்துணியைப் பெருமளவில் வாங்கிச் சென்றார். குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று நாயர் சொன்னதை அவர் கடைக்காரர்களிடம் சொல்லத் தவறினார். சட்டையை வாங்கியோர் துவைத்தபோது சாயம் ஒன்றோடொன்று கலந்து ஓடிற்று. எங்கும் முறையீடு எழுந்தது. விளம்பரக்காரர்களோ, 'சாயம் போகும் என்பதற்கு உறுதி' என்ற பொருளில் அதனையே பெருமையாக எழுதினர். ஒவ்வொரு துவைப்பிலும் புதுச்சட்டை என்று அமெரிக்க மாணவர் விரும்பி வாங்கினர். குறை குணமாயிற்று. ஆனால் அத்துணியை நெய்த கைகளின் கூலி அந்த அளவுக்கு உயர்ந்ததா என்ற கேள்வி மட்டும் எம் மனத்தை விட்டு அகலவில்லை.

துணியின் வாழ்வு இந்நகரின் வாழ்வே. 1850-களில் இங்கே முதல் பருத்தி ஆலை எழுந்தது. 1982 சனவரியில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் பல மூடிக் கிடந்தன. அவை நின்ற நிலத்தில் இன்று அங்காடிகள் விளங்குகின்றன. சங்கு ஊதிய இடத்தில் சட்டை விற்கிறார்கள். மறுபுறம், பனியன் நெய்த நம் திருப்பூர் உலகுக்கே டி-சட்டை அனுப்பும் ஊராயிற்று. அமெரிக்கக் கடற்படையினரின் உள்ளாடையாய் இருந்த அது, இன்று பிள்ளைகளுக்கு மேலாடை. உள்ளாடை வெளியாடை ஆவதே சட்டையின் தலையெழுத்து போலும்! 2020-இல் பெருந்தொற்று வந்து அலுவலகம் வீட்டுக்குள் புகுந்தபோது வேறொரு புதுமை நிகழ்ந்தது. திரையில் மார்பு வரை சட்டை. திரைக்குக் கீழே வேட்டி. காலர் மட்டும் வெளியே தெரிந்த பழங்காலம் வேறு வடிவில் நம் வீட்டுக்கே வந்தது.

அன்பர்களே, அந்நால்வர் சட்டை என்னவாயிற்று என்று சிலர் கேட்கலாம். எமக்கு வேலை கிடைத்த வாரத்தில், ஊரிலிருந்து புதிதாய் வந்த இளைஞர் ஒருவரிடம் அதைக் கொடுத்தோம். அவர் யாருக்குக் கொடுத்தார் என்பதை அறியோம். தையற்கார அண்ணனும் இன்று இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் வண்ண வண்ணச் சட்டைகளோடு எவ்வூர் நிலையத்திலும் தலை நிமிர்ந்து இறங்குவார்கள் என்று நம்புகிறோம். அவ்வாறு இறங்க இயலாத ஒருவர் எங்கேனும் இன்னும் இருப்பாராயின், நம் விழாக்களும் மலர்களும் நிறைவடைந்தன ஆகா.

தொடக்கத்தில் சொன்ன சொல்லுக்கு வருவோம். சட்டை செய்தல் என்றால் மதித்தல். ஒருவர் சட்டையைக் கண்டு அவரை மதிப்பதும், சட்டையைக் கண்டு அவரை இகழ்வதும் ஒரே பிழையின் இரு முகங்கள். நம் காலனிக்கு நாளை ஓர் இளைஞர் ஒற்றைப் பையோடு வேலை தேடி வருவார். அவர் அணிந்திருப்பது என்ன பாணி, என்ன விலை என்று நோக்காமல், அவரைச் சட்டை செய்வோம். காலருக்கு இரண்டு பித்தான் வைத்த அம்மனிதர் எமக்குக் கற்பித்தது அதுவே. 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!